குதிக்காத குதிரை

அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் 'கு' எழுத்துக்குப் பொறுப்பாக இருந்த மனிதரை எல்லோரும் அகராதி என்றே கூப்பிட்டார்கள். பாதிப் பேர் அவர் பார்த்த வேலைக்காக அப்படிச் சொன்னார்கள். மீதிப் பேர் அவர் பேசிய பேச்சுக்காக. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாராவது கேட்டுவிட்டால், "பஸ்ங்கிறது முழுச் சொல்லே இல்லீங்க, ஒரு பெரிய சொல்லோட வாலு மட்டும்தான் அது" என்று ஆரம்பித்து, பஸ் வந்து நின்று கிளம்பிப் போகிறவரை விளக்குவார். கேட்டவர் நடந்தே வீட்டுக்குப் போவார்.

அந்த வருஷம் அவர் மாட்டிக்கொண்டது குதிரையிடம். 'குதூகலம்' என்ற சொல்லை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்ட மனிதர், 'குதிரை'யோடு பதினோரு மாதமாக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கணினியை அவர் நம்புவதில்லை. நீல மையில் கையால் எழுதிய நாற்பத்தொரு பக்கங்கள் சேர்ந்திருந்தன. ஓடுகிற குதிரை, வயலினில் நரம்பைத் தாங்குகிற குதிரை, துப்பாக்கியில் விரல் வைக்கிற குதிரை, உடற்பயிற்சிக் கூடத்து மரக்குதிரை எல்லாம் அதில் இருந்தன. குதிரைக்கு முன்னோர் வைத்த பெயர்கள், வானத்துக் குதிரைகள், கடலிலிருந்து வந்த குதிரைகள், குதிரை முகம் கொண்ட தெய்வங்கள் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

தலைமைப் பதிப்பாசிரியருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். அந்த அம்மாள் கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். அது பட்ட இடத்தில் சொல் முளைக்காது. ஒரு சனிக்கிழமை அவர் அகராதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எத்தனை பக்கம்?"

"நாப்பத்தொண்ணுங்க. இன்னும் வால் மட்டும் பாக்கி."

"வாலா?"

"குதிரைவால்னு தலைமுடியைக் கட்டுறாங்களே, அது."

கத்தரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ ஒன்று குறையப்போகிறது என்று அர்த்தம்.

"ஆனை எத்தனை வரியில முடிஞ்சிது தெரியுமா? பன்னிரண்டு வரி. அவ்வளவு பெரிய மிருகமே பன்னிரண்டு வரியில அடங்கிப் படுத்துக்கிச்சு. உங்க குதிரைக்கு முப்பது வரி தர்றேன். வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள் காலையில என் மேஜையில இருக்கணும். அச்சகத்துல காத்துக்கிட்டு இருக்காங்க. முதல் வரியில சொல்லோட மூலம். ஒரே ஒரு மூலம். உங்களால முடியலைன்னா அந்தக் காகிதத்தை இங்கேயே வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

அகராதி காகிதத்தை வைத்துவிட்டுப் போகவில்லை. பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கட்டு அவரோடுதான் சாப்பிட்டது, அவரோடுதான் தூங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் மனைவியின் தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தம்பி குதிரை டாக்டர். இருபத்திரண்டு வருஷமாகக் குதிரைகளின் பல்லையும் குளம்பையும் வயிற்றையும் பார்த்துப் பார்த்து, மனிதர்களைப் பார்க்கும்போதும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். அகராதியின் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். யார் என்ன சொன்னாலும் சொன்னபடி எழுதுவது அவர் தொழில். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பது அகராதியின் நீண்டநாள் வருத்தம்.

சோற்றைப் பிசைந்தபடியே அகராதி அறிவித்தார்: "முதல் வரி முடிவாயிருச்சு மாப்ளே. குதிங்கிற வினையிலருந்து வந்ததுதான் குதிரை. குதிக்கிறதால குதிரை. அவ்வளவுதான்."

"எது குதிக்குது?" என்றார் டாக்டர்.

"குதிரை."

"எந்தக் குதிரை மாமா? நானும் ஆயிரம் குதிரை பாத்துட்டேன். நிக்கும். திங்கும். நின்னுக்கிட்டே தூங்கும். நாமளா விரட்டினா ஓடும். குதிக்கிறது தவளை. இல்லைன்னா பல்லியைப் பாத்த எங்க அக்கா."

"என்னை ஏண்டா இழுக்குற?" என்றார் அக்கா.

"இல்லக்கா, குதிச்சாத்தான் குதிரைன்னா தவளைக்குல்ல அந்தப் பேரை வச்சிருக்கணும்?"

அகராதிக்குச் சுருக்கென்றது. கையைக்கூடக் கழுவாமல் காகிதக் கட்டைப் பிரித்தார். "பழைய சொற்பட்டியல்ல குதிரைக்கு என்னென்ன பேரு இருக்கு தெரியுமா? பரி, புரவி, இவுளி, துரகம்... இதோ, கிள்ளை."

"கிள்ளைன்னா கிளி."

"குதிரையும்தான். இதோ பாரு, கொக்கு."

"கொக்குமா?"

"கொக்குன்னா கொக்கு, மாமரம், குதிரை. மூணும் போட்டிருக்கு."

டாக்டர் சோற்றுக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கிளியும் குதிரை, கொக்கும் குதிரை. அப்ப நான் இத்தனை வருஷமா பறவை டாக்டரா?"

"அதான் விஷயமே!" அகராதி உட்கார்ந்த இடத்திலேயே எம்பினார். "ஏன் பறவைப் பேரு வச்சாங்க? ஏன்னா குதிரைக்கு இறக்கை இருந்துச்சு. புராணத்துல இருக்கு. அந்தக் காலத்துல எல்லாக் குதிரையும் பறந்துச்சு. யாருக்கும் அடங்கலை. பிடிச்சுத் தேருல கட்ட முடியலைன்னு தேவர்களோட ராஜா ஒரு முனிவர்கிட்ட சொல்லி இறக்கையை வெட்டச் சொன்னான். இறக்கை போனதும் பறக்க முடியலை. பறக்க முடியாதது என்ன செய்யும்? குதிக்கும்! குதி, குதிரை!"

"நான் எத்தனையோ குதிரைக்குத் தோள்ல தையல் போட்டிருக்கேன் மாமா. அங்க இறக்கை இருந்த தடயமே இல்ல."

"முன்னங்கால் உள்பக்கத்துல ஒரு காய்ப்பு இருக்குமாமே, அது என்ன? வெட்டின தழும்பு."

"அது முட்டிக்கு மேல இருக்கு. இறக்கை என்ன முட்டியிலயா முளைக்கும்?"

அகராதியின் மனைவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "என்னங்க, ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்பவாவது ஒரு குதிரையைத் தொட்டிருக்கீங்களா?"

அகராதி பிரித்த காகிதங்களை மறுபடி கட்டினார்.

"பாத்திருக்கேன்," என்றார்.

"எங்க?"

"ஊர்வலத்துல. மாடியிலருந்து."

டாக்டர் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. அக்கா அவர் தலையில் தட்டினார், புரைக்குப் பாதி, சிரிப்புக்குப் பாதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் வாய்க்குள் முனகியதும் அகராதியின் காதில் விழுந்துவிட்டது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பந்தயம் வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாமே. ஊருக்கு வெளியில குதிரையேற்றப் பள்ளி இருக்குல்ல, அங்க நான்தான் டாக்டர். மகாராணின்னு ஒரு வயசான பெட்டைக் குதிரை இருக்கு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு முட்டி உயரத்துக்கு ஒரு கோல் கட்டுவோம். கோலைத் தாண்டிட்டா குதிதான் மூலம்னு ஒத்துக்கறேன். உங்க ஆபீஸ்ல ஒரு நாள் முழுக்க உக்காந்து பிழை திருத்தித் தர்றேன். தாண்டலைன்னா, மூலம் தெரியவில்லைன்னு நீங்க எழுதணும்."

தெரியவில்லை என்ற சொல்லை அகராதி தன் வாழ்நாளில் பிறருக்குப் பொருள் சொல்லத்தான் பயன்படுத்தியிருக்கிறார். இருந்தாலும் தலையாட்டினார். ஆட்டியபின் வாய் சும்மா இருக்கவில்லை. "குதிரை மேல முதல் பந்தயம் யாரு வச்சாங்க தெரியுமா? ஓர் அக்கா தங்கச்சி. பாற்கடல்லருந்து வந்துச்சே வெள்ளைக் குதிரை, அதோட வால் கறுப்புன்னா அக்கா, வெள்ளைன்னா தங்கச்சி. தோத்தவ ஜெயிச்சவளுக்கு அடிமை. அக்காவோட பிள்ளைங்க எல்லாம் பாம்பு. அவங்களைக் கூப்பிட்டு, போய் வால்ல தொங்குங்கடான்னுட்டா. மறுநாள் போய்ப் பாத்தா வால் கறுகறுன்னு இருக்கு. தங்கச்சி அடிமை."

"ஆக, குதிரைப் பந்தயம்னாலே ஏமாத்துதான்னு சொல்றீங்க," என்றார் மனைவி. அதற்குள் கை கழுவி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பந்தயத்தை வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"சேச்சே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

புதன்கிழமை மத்தியானம் அகராதி பல்வலி என்று சொல்லி அலுவலகத்திலிருந்து கிளம்பினார். பிழை திருத்திப் போட்ட பழைய மெய்ப்புத் தாளில் ஒரு கிலோ கேரட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். குதிரையேற்றப் பள்ளியை நடத்திய அம்மாள் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தார். குதிரைகளிடம் மெதுவாகவும் மனிதர்களிடம் அதட்டியும் பேசுகிறவர்.

"யாரு நீங்க?"

"டாக்டரோட மாமா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..." சுவரில் தொங்கிய தோல்வாரைக் காட்டி, தெரிந்தவர் மாதிரி, "அங்கவடி ரொம்ப நேர்த்தியா இருக்கே," என்றார்.

"அது கடிவாளம். அங்கவடிங்கிறது கால் வைக்கிறது."

"ஆமாமா. கால்." இந்த இரண்டு சொல்லுக்கும் பொருள் எழுதியவர் அவருடைய நண்பர்தான். எது எப்படி இருக்கும் என்பது அந்த நண்பருக்கும் தெரியாது என்று அகராதிக்கு அப்போதுதான் உறைத்தது.

மகாராணி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நாற்பத்தொரு பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, அதனிடம் பேச்சுக்கொடுத்தார். "புரவி," என்றார். அது வேறு பக்கம் பார்த்தது. "இவுளி. துரகம். கிள்ளை." மகாராணி வாலைத் தூக்கிச் சாணம் போட்டது.

சரி, தின்னக் கொடுப்போம் என்று கேரட் பொட்டலத்தைப் பிரித்தார். தாள் சரசரத்தது. அவ்வளவுதான், மகாராணி நாலு காலையும் தூக்கி இரண்டடி தள்ளிப்போய் விழுந்தது.

"குதிச்சிது! குதிச்சிது!" என்று அகராதி கத்தினார்.

"அது குதிக்கலை, மிரண்டது," என்றார் பூட்ஸ் அம்மாள். "காகிதச் சத்தம் கேட்டா அதுக்கு ஆகாது."

"நாலு காலும் தரையை விட்டுக் கிளம்பினா அதுக்குப் பேரு குதிதாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோலுக்கு முன்னால் குதிரையை நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தைச் சரசரக்கவிட்டால் வேலை முடிந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமையும் பல்வலி வந்தது. தாளைச் சரசரக்கவிட்டு, பயந்த பிராணிக்குச் சமாதானமாக நாலு கேரட் கொடுத்தார். அன்று மகாராணி குதிக்கவில்லை. காதை மட்டும் விடைத்தது. 'உள்ளே குதிப்பு ஊறுகிறது' என்று நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவர் பையில் கை வைத்ததுமே மகாராணி வேலிக்கு ஓடிவந்துவிட்டது. தன்மேல் அதற்குப் பாசம் வந்துவிட்டது என்று அகராதிக்குக் கண் கலங்கியது. பயம் போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்திருப்பது அவருக்குப் புரியவில்லை.

டாக்டரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் பயிற்சி மைதானத்தில் கூடினார்கள். வேலி போட்ட வட்டமான மணல்தரை. நடுவில் இரண்டு கட்டைமேல் முட்டி உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கோல். அகராதியின் மனைவி வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் அம்மாள் மகாராணியைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் விட்டார். மகாராணி கோலைப் பார்த்தது. அப்புறம் வானத்தைப் பார்த்தது. அப்புறம் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டது.

"ஆரம்பிக்கலாமா மாமா?" என்றார் டாக்டர், பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஒரு நிமிஷம்." அகராதி தோள்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார். வேறெந்தக் காகிதமும் இவ்வளவு கனமாகச் சரசரக்காது என்று, நாற்பத்தொரு பக்கத்தையுமே கொண்டுவந்திருந்தார். மகாராணிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, இரண்டு கையாலும் பிடித்து உதறினார்.

மகாராணி கண்ணைத் திறந்தது. கோல் பக்கம் அது போகவில்லை. மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அகராதியை நோக்கி வந்தது. முதலில் நடை. அப்புறம் ஓட்டம்.

"இந்தப் பக்கம் இல்ல! அந்தப் பக்கம்!" என்றார் அகராதி. பிறகு, "மாப்ளே!" என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஓடினார். வட்டமான மைதானத்தில் ஓடினால் எங்கே போக முடியும்? சுற்றிவந்தபோது எதிரே நின்றது வெள்ளைக் கோல். பின்னால் மூச்சு முதுகில் பட்டது. ஐம்பத்தாறு வயது அகராதி, காகிதக் கட்டோடு எழும்பி, கோலைத் தாண்டி அந்தப்பக்கம் போய் விழுந்தார். கோல் அசையவில்லை. விழுந்த வேகத்தில் கால் மட்டும் ஓரத்துக் கட்டையில் மோதியது.

"ஐயோ, குதிரைமுகம் போச்சே!" என்று அலறினார்.

டாக்டர் பதறிப்போய் மகாராணியிடம் ஓடினார். அதன் மூக்கு, கண், தாடை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "முகத்துல ஒண்ணும் இல்லையே! எங்க பட்டுச்சு மாமா? கண்ணுலயா?"

"என்னோட குதிரைமுகம்டா!"

"உங்களுக்கு ஏது குதிரைமுகம்?"

"கணைக்காலோட முன்பக்கம்! எலும்பு! முப்பத்தாறாம் பக்கத்துல இருக்கு, பாரு!"

முப்பத்தாறாம் பக்கம் இருந்தது. முதல் பக்கத்தைக் காணோம். கோலைச் சுற்றி நிதானமாக நடந்துவந்த மகாராணி, மணலில் கிடந்த கட்டின் மேல்பாதியை ஒரே கவ்வாகக் கவ்வி, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரத்திலிருந்து நீல மை ஒழுகியது. அகராதி கையை நீட்டினார். மகாராணி தலையை ஆட்டி அடுத்த கவளத்தையும் எடுத்துக்கொண்டது. முனிவர் வெட்டிய இறக்கை போயிற்று, பாற்கடல் போயிற்று, கிளியும் கொக்கும் போயின. இருபத்தேழு பக்கம் உள்ளே போனபின் அதற்கே அலுத்துவிட்டது.

இதற்குச் சிரித்திருக்க வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அதை விடுங்க. இது பேப்பர் தின்னிருக்கவே கூடாது."

"நானும் அதைத்தான் சொல்றேன்!"

"அது இல்ல. காலையிலயே... அது வயிறு முட்டத் தின்னுருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று வேலிக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. பென்சில் எழுதத் தயாராக இருந்தது.

டாக்டர் மணலைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கே வந்து ரெண்டு பங்கு புல்லு போட்டேன். வயிறு நிறைஞ்சா அசையாதுன்னு..."

பூட்ஸ் அம்மாள் அவரைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க முடியாது. "நீங்க டாக்டரா, என்ன?" என்று மட்டும் கேட்டார்.

கால் மணி நேரத்தில் மகாராணி முன்னங்காலால் மணலைச் சுரண்ட ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. பிறகு படுக்கப் பார்த்தது. குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. வயிறு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது அகராதிக்குக் கால்வலி மறந்துவிட்டது. டாக்டர் ஓர் ஊசி போட்டார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடதுபக்கம் சத்தமே இல்லை.

"படுத்துப் புரளவிடக் கூடாது. வயிறு இளகுறவரைக்கும் நடத்திக்கிட்டே இருக்கணும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க."

அப்படி நடக்க ஆரம்பித்தார்கள். இடதுபக்கம் டாக்டர், வலதுபக்கம் நொண்டியபடி அகராதி, நடுவில் மகாராணி. வெயில் ஏறியது. முதல் சில சுற்று அகராதி கயிற்றை மட்டும் நுனிவிரலால் பிடித்திருந்தார். மகாராணி படுக்கப்போய்ச் சாய்ந்தபோது வேறு வழியில்லாமல் கழுத்தில் கை வைத்துத் தாங்கினார். அப்புறம் கையை எடுக்கத் தோன்றவில்லை. தோலுக்கு அடியில் சூடாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் தனியாகச் சிலிர்த்தது. இந்தச் சிலிர்ப்புக்கு ஒரு சொல் இருக்க வேண்டும் என்று யோசித்தார். அவருக்குத் தெரிந்து இல்லை.

"இது பிழைச்சுக்குமா மாப்ளே?"

"பிழைக்கணும்."

"நான் மூணு நாளா வந்து பேப்பர்ல சுத்திக் கேரட் குடுத்தேன். அதான் பேப்பரையே தின்னுடுச்சு."

"தெரியும். நீங்க தினமும் இங்க வந்துட்டுப் போனது இந்தப் பள்ளி அம்மா சொன்னாங்க. அதான் நான் புல்லு போட்டேன்." கொஞ்சம் நடந்தபின் சொன்னார்: "உங்களைத் திட்டவும் முடியலை. நான் ஏமாத்தினதுதான் பெரிசு. தெரிஞ்சே செஞ்சேன்."

"நம்மளைப் பாத்தா அந்தப் பாம்புப் பசங்களே தேவலை. வால்ல தொங்கினாங்களே தவிர, குதிரைக்கு வயித்துவலி வர வைக்கலை."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் தோள் லேசாகக் குலுங்கியது.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. அகராதியின் மனைவி இருவருக்கும் மாறி மாறித் தண்ணீர் கொடுத்தார். மகாராணிக்கு வாளியில் கொடுத்தார். எத்தனையாவது சுற்று என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நூற்றுப் பதினேழாவது கோடு போடும்போது மகாராணி திடீரென்று நின்றது. பின்னங்காலை அகட்டியது. வாலைத் தூக்கியது. சாணம் விழுவதற்கு முன்னால் வந்த சத்தத்தில் வேலிமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன.

டாக்டர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் அம்மாள் மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அகராதி தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாணத்தைப் பார்த்துக் கைதட்டினார்.

மகாராணி வாளியில் வாயை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தபின் டாக்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "சரி மாமா, ஒத்துக்கங்க. குதிரை குதிக்கலை. தோத்தீங்க."

"இரு," என்றார் அக்கா. நோட்டைப் பின்னால் புரட்டிப் படித்தார். "'சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு முட்டி உயரத்துக்கு ஒரு கோல் கட்டுவோம். கோலைத் தாண்டிட்டா குதிதான் மூலம்னு ஒத்துக்கறேன்.' நீ சொன்னது இதுதான். யாரு தாண்டணும்னு சொல்லவே இல்ல."

"அக்கா! குதிரைதான்! அதைச் சொல்லணுமா?"

"நீ சொன்னதைத்தான் நான் எழுதுவேன். நீ நினைச்சதை எழுத எனக்குச் சம்பளம் கிடையாது. கோலை அவரு தாண்டினாரு. நான் பாத்தேன். கோல் அசையக்கூட இல்ல."

கணவருக்கு ஆதரவாக அவர் பேசி அகராதி கேட்டது அதுவே முதல் தடவை. மகிழ்ச்சியில் எழுந்து நிற்கப் பார்த்தார், குதிரைமுகம் விடவில்லை.

"ஆனா ஏமாத்தினது ரெண்டு பேரும்," என்று மனைவி நோட்டை மூடினார். "அதனால நீ போய்ப் பிழை திருத்து. நீங்க அந்த முதல் வரியில, உங்களுக்கு நிஜமா எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் எழுதுங்க. தீர்ப்பு முடிஞ்சிது. எனக்குப் பசிக்குது."

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அகராதி வீங்கிய காலை நாற்காலிமேல் நீட்டிவைத்துக்கொண்டு எழுதினார். கையில் மிஞ்சியது பதினாலு பக்கம், அதிலும் ஓரமெல்லாம் பல் தடம். போன பக்கங்களில் நினைவிருந்ததை எழுதினார். நினைவுக்கு வராததை விட்டுவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால், விட்டது எதற்காகவும் மனம் அடித்துக்கொள்ளவில்லை. முதல் வரிக்கு மட்டும் மத்தியானம் முழுதும் ஆயிற்று.

திங்கட்கிழமை காலையில் கத்தரி அந்தத் தாளைக் கையில் எடுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். படித்தார். மூடியைப் போட்டார்.

"'குதி என்னும் வினையோடு தொடர்புடையது என்பர், உறுதியில்லை.' இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"உறுதியில்லைன்னு நீங்க எழுதுவீங்களா?" வரிகளை எண்ணினார். "இருபத்தொன்பது வரி. நாப்பத்தொரு பக்கத்தை யாரு சுருக்கினது?"

"வெளியாளு ஒருத்தங்க."

"நல்ல கை. வெட்ட வேண்டியதை வெட்டியிருக்காங்க. நம்ம ஆபீசுக்கு வருவாங்களா?"

"கேரட் குடுத்தா வருவாங்க," என்றார் அகராதி. கத்தரி அதை ஏதோ புது வழக்குச் சொல் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

டாக்டர் சொன்னபடி ஒரு நாள் வந்து பிழை திருத்தினார். காலையில் கொட்டாவி விட்டவர், மத்தியானத்துக்கு மேல் 'குளம்பு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். அதில் எழுதியிருந்தது ஆட்டுக் குளம்புக்குத்தான் பொருந்தும், குதிரைக்குப் பொருந்தாது என்று கத்தரியோடு அரைமணி நேரம் சண்டை போட்டு, ஒரு வரி கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். கத்தரியிடம் கூடுதல் வரி வாங்கிய ஒரே ஆள் என்று மூன்றாம் மாடியில் அவரைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

கால் வீக்கம் வடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, யாரும் கேட்காமலே அகராதி குதிரையேற்றப் பள்ளிக்குப் போனார். மனைவியும் மைத்துனரும் கூட வந்தார்கள். பையில் கேரட் இருந்தது, சுற்றியிருந்தது துணி. மகாராணி அவரை மோந்து பார்த்து, பையை மோந்து பார்த்து, மூக்கால் தோளில் ஒரு தள்ளுத் தள்ளியது.

"ஏறிப் பாக்கறீங்களா?" என்றார் பூட்ஸ் அம்மாள்.

ஏற்றிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். டாக்டர் கீழிருந்து தாங்கினார், பூட்ஸ் அம்மாள் காலைப் பிடித்து அங்கவடியில் வைத்தார், மனைவி "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு வழியாக அகராதி மேலே போய் உட்கார்ந்தார். தலைக்குமேல் இருந்த மாமரக் கிளை இப்போது முகத்துக்கு நேரே இருந்தது. வேலிக்கு அப்பால் சாலையும், பஸ் நிறுத்தமும், அதற்கு அப்பால் வரிசையாக வீடுகளும் தெரிந்தன. மகாராணி ஓரடி எடுத்துவைத்தது. அகராதியின் இரண்டு கையும் பிடரி மயிரை இறுக்கிக்கொண்டன.

"எப்படி இருக்கு மாமா?"

அகராதி பிடரியை விடாமலே கீழே எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "இறங்கறது எப்படி?"

"அது அடுத்த வகுப்புல," என்று சொல்லிவிட்டு, பூட்ஸ் அம்மாள் கயிற்றைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார்.